சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடியா, பிராங்பர்ட் வழியா, துபாய் வழியா?

இந்தப் பயணத்துக்கு டிக்கெட் போடுபவர்கள் பலரும் முதலில் பார்ப்பது தூரத்தைத்தான். நேர்க்கோட்டில் சுமார் 15,350 கிலோமீட்டர். ஆனால் அந்த எண்ணை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு ஊரும் பூமிப் பந்தின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை. பசிபிக்கைக் கடந்து, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றைப் பிடித்துக்கொண்டு, தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று போகிறது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு, அப்போதும் காற்று பின்னாலிருந்துதான் தள்ளும். அதாவது போக, வர இரண்டுமே கிழக்கு நோக்கி, உலகத்தையே ஒரு சுற்று!

நேரடி விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 யுஎல்ஆர், மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே உள்ள ரகம். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அலுவலகம் காசு கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். நான்கு பேர் குடும்பம் என்றால், எகானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமி விலையே கண்ணைக் கட்டும்.

பிராங்பர்ட் வழி சுமார் 16,450 கிலோமீட்டர். ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதல், ஆனால் நேரம் ஐந்து மணி கூடிவிடுகிறது. நடுவில் இறங்கி ஏறும் இரண்டு மணி நேரம் மட்டும் காரணமில்லை, இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி என்பதால் வழி நெடுக எதிர்க்காற்று. பிராங்பர்ட்டிலிருந்து நியூயார்க் எட்டரை மணி என்றால், திரும்பும்போது அதே தூரம் ஏழரை மணியில் முடிந்துவிடும். பெட்டியைத் தொட வேண்டாம், ஆனால் கைப்பையோடு இறங்கி சோதனையைத் தாண்டி மறுபடி அதே விமானத்தில் ஏற வேண்டும். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

துபாய் வழி சுமார் 16,850 கிலோமீட்டர். ஏழரை மணி பறந்து, இறங்கி, காத்திருந்து, அப்புறம் பதினான்கு மணி நேரம். எனக்கு இதில் உறுத்துவது அந்த வரிசைதான். பிராங்பர்ட் வழியில் நீண்ட கட்டம் முதலில் முடிந்துவிடும், இங்கே களைத்த பிறகுதான் அது தொடங்குகிறது. கட்டணம் நன்றாகக் குறைந்து, காத்திருப்பும் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அமைந்தால் சரி, போகலாம். எட்டு மணி நேரம் உட்கார வைக்கிற மலிவு டிக்கெட்டை, கைக்குழந்தையோடு போகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போவதென்றால் நான் பிராங்பர்ட் பக்கம்தான் நிற்பேன். கால் வீங்கும் வயதில் பதினெட்டு மணி நேரம் ஒரே மூச்சாக உட்காருவதைவிட, நடுவில் இறங்கி நடக்கக் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் பெரிது.