ரெய்டுக்குப் பிறகு வரும் அசெஸ்மென்ட்: நான்கு முறைகளில் எதில் பாதுகாப்பு அதிகம்?

வருமான வரித்துறை ஒருவரிடம் சோதனை நடத்தினால், அதற்குப் பிறகு வரும் அசெஸ்மென்ட் (வருமானத்தையும் வரியையும் அதிகாரி கணக்கிட்டு ஆர்டர் போடுவது) எந்த முறையில் நடக்கும் என்பதைச் சோதனை நடந்த தேதிதான் முடிவு செய்கிறது. 1995 ஜூலை 1 முதல் 2003 மே 31 வரை என்றால் பழைய பிளாக் அசெஸ்மென்ட், அதாவது பல வருடங்களை ஒரே தொகுப்பாக எடுத்துக் கணக்கிடுவது. 2003 ஜூன் 1 முதல் 2021 மார்ச் 31 வரை வருமான வரிச் சட்டத்தின் 153ஏ பிரிவு. அதன் பின் 2024 ஆகஸ்ட் 31 வரை 147, 148 பிரிவுகளின்படி மறுமதிப்பீடு. 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடியும் பிளாக். வரி கட்டுபவர் இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய வழக்குகள் இன்னும் அப்பீலில் நிற்கின்றன. அதோடு, ஒரு முறையில் போராடி வாங்கிய பாதுகாப்பு அடுத்த முறையில் காணாமல் போகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் மேஜை டிராயரில் ஒரு துண்டுச்சீட்டு கிடைக்கிறது. போன நிதியாண்டின் தேதி, ஒரு பெயர், "12 வந்தது, பாக்கி 3" என்று பென்சில் எழுத்து. கணக்குப் புத்தகத்தில் அது ஏறவில்லை. இன்னொரு பக்கம், மூன்று நிதியாண்டுக்கு முன் மைத்துனரிடம் வாங்கிய 20 லட்சம் ரூபாய் கடன். வங்கி வழியாக வந்தது, கணக்கில் இருக்கிறது, அந்த வருட அசெஸ்மென்ட்டும் முடிந்துவிட்டது. சோதனையில் அந்தக் கடனைப் பற்றி ஒரு காகிதமும் கிடைக்கவில்லை.

சீட்டுக்கு எந்த முறையிலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அது நியாயம். ஆனால் ரெய்டு நடந்த ஒரே காரணத்துக்காக அந்தக் கடனையும் தோண்டலாமா? நான்கு முறைகளும் பிரிகிற இடம் இதுதான்.

பழைய பிளாக் முறையில் தோண்ட முடியாது. முதலில் பத்து வருடம், 2001 ஜூனுக்குப் பிறகு ஆறு வருடம் என்று மொத்தமாக ஒரு காலத்தை எடுத்து, கணக்கில் வராத வருமானத்துக்கு மட்டும் 60 சதவீத வரி போட்டார்கள். சோதனையில் கிடைத்த சான்று, அந்தச் சான்றோடு தொடர்புள்ள மற்ற தகவல், இவற்றைக் கொண்டுதான் அந்த வருமானத்தைக் கணக்கிட வேண்டும். 'தொடர்புள்ள' என்ற இந்த நிபந்தனையை 2002 நிதிச் சட்டம் 1995-இலிருந்தே செல்லும்படி 158பிபி பிரிவில் சேர்த்தது. நான்கு முறைகளிலும் சட்டத்தின் எழுத்திலேயே எல்லைக்கோடு தெளிவாக இருந்தது இங்கேதான். ரிட்டர்னை ஆராயப்போவதாகச் சொல்லும் 143(2) நோட்டீஸ் கொடுக்காமல் பிளாக் ஆர்டர் போட முடியாது என்று 2010-ல் ஹோட்டல் புளூ மூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த முறைக்குத்தான் பலம் சேர்த்தது.

153ஏ வந்ததும் அந்தக் கோடு சட்டத்திலிருந்து போய்விட்டது. முந்தைய ஆறு வருடத்துக்கும் தனித்தனி ரிட்டர்ன், தனித்தனி ஆர்டர். நிலுவையில் இருந்த அசெஸ்மென்ட்கள் அற்றுப்போகும். முடிந்துபோன வருடங்களையும் முழுக்கத் திறக்கலாமா என்பதற்குப் பிரிவில் நேரான பதில் இல்லை. துறை 'திறக்கலாம்' என்றது. வரி கட்டுபவர்கள் 'சோதனையில் ஏதாவது கிடைத்திருந்தால் மட்டும்' என்றார்கள். 2015-ல் காபூல் சாவ்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டாவது பக்கம் சாய்ந்தது. கடைசியில் 2023 ஏப்ரல் 24 அன்று அபிசார் பில்டுவெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: முடிந்துபோன வருடத்தில், சோதனையில் கிடைத்த குற்றம் காட்டும் சான்று இல்லாமல் 153ஏ-வின் கீழ் வருமானத்தில் எதையும் கூட்ட முடியாது. சட்டம் அனுமதித்தால் 147, 148 வழியாகப் போகலாம் என்று துறைக்கும் ஒரு கதவு விட்டது. ஆக, நம் ஜவுளிக்காரரின் 20 லட்சம் தப்பியது. ஆனால் அந்தப் பதில் வர இருபது வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொருவரும் ஆறு ஆர்டர், ஆறு அப்பீல் என்று அலைந்திருக்கிறார்கள்.

153ஏ காலத்தில் இன்னொரு பாதுகாப்பும் நீதிமன்றத்தில்தான் உயிர் பெற்றது. 153டி பிரிவின்படி இணை ஆணையரின் முன் ஒப்புதல் இல்லாமல் ஆர்டர் போடக் கூடாது. எழுத்தில் இது நல்ல ஏற்பாடு: ஒரு மூத்த அதிகாரி கோப்பைப் படித்து, இந்தத் தொகையைக் கூட்டுவது சரிதானா என்று யோசிக்க வேண்டும். நடைமுறையில் காலக்கெடு முடிகிற கடைசி நாட்களில் வரைவு ஆர்டர்கள் கட்டுக்கட்டாகப் போகும், ஒரே வரியில் ஒப்புதல் திரும்பி வரும். டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் பார்த்த ஒரு வழக்கில் ஒரே நாளில் 43 கோப்புகளுக்கு ஒப்புதல் போயிருந்தது. இப்படி மனதைச் செலுத்தாமல் கொடுத்த ஒப்புதல் செல்லாது, அதை நம்பிப் போட்ட ஆர்டரும் செல்லாது என்று ஒரிசா, அலகாபாத், டெல்லி உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பழைய வழக்கு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் அந்த ஒப்புதல் கடிதத்தின் நகல்தான்.

மூன்றாவது முறையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. சாதாரண மறுமதிப்பீட்டில் அப்போது 148ஏ என்று ஒரு நல்ல படி இருந்தது: நோட்டீஸ் தருவதற்கு முன்பே தகவலைக் காட்டி, குறைந்தது 7 நாள் அவகாசம் தந்து விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. ரெய்டு வழக்குகளுக்கு அந்தப் படி இருக்கவில்லை. சோதனை நடந்தாலே, குறைந்தபட்சம் முந்தைய மூன்று வருடத்துக்கு வருமானம் விடுபட்டதற்கான தகவல் இருப்பதாகவே சட்டம் வைத்துக்கொண்டது. நம் கடன் அந்த மூன்று வருடத்துக்குள் வருவதால் கதவு திறந்துவிட்டது. மூன்று வருடத்தைத் தாண்டிய காலத்துக்கு 50 லட்ச ரூபாய் வரம்பு இருந்தது ஒன்றுதான் ஆறுதல். கேள்வி கேட்கும் உரிமையைப் பொறுத்தவரை நான்கில் பலவீனமானது இதுதான் என்பது என் கணிப்பு.

சரி, இப்போதைய பிளாக். சோதனைக்கு முந்தைய ஆறு வருடமும் சோதனை முடியும் வரையான காலமும் ஒரே பிளாக். ஒரே ரிட்டர்ன், ஒரே ஆர்டர், ஒரே அப்பீல். ரிட்டர்ன் போட நோட்டீஸில் 60 நாள் வரை தரலாம். கணக்கில் வராத வருமானத்துக்கு 60 சதவீத வரி. ரிட்டர்னில் தானே காட்டி, வரியைக் கட்டி, அந்தப் பகுதிக்கு அப்பீல் போகாமல் விட்டால் அபராதம் இல்லை. இல்லையென்றால் அந்த வரியில் பாதி அபராதம். உண்மையிலேயே மறைத்த வருமானம் உள்ளவர், விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தொழிலைப் பார்க்க நினைப்பவர், இவர்களுக்கு 153ஏ-வை விட இது நல்லது. 143(2) பற்றிய சண்டையும் இங்கே இல்லை. அந்த நோட்டீஸ் பிரிவிலேயே வந்துவிட்டது. மூத்த அதிகாரியின் முன் ஒப்புதலும் தொடர்கிறது.

ஆனால் அந்த எல்லைக்கோடு? புதிய 158பிபி-யில் சோதனையில் கிடைத்த சான்றோடு, அதிகாரியிடம் ஏற்கெனவே உள்ள தகவலையும் நடவடிக்கையின்போது அவர் கவனத்துக்கு வரும் தகவலையும் வைத்துக் கணக்கிடலாம் என்று இருக்கிறது. சான்றோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் காணோம். தவறாகக் கோரிய செலவு, கழிவு எல்லாம் கணக்கில் வராத வருமானம் என்ற வரையறைக்குள் வருகின்றன. மைத்துனரைப் பற்றி வேறு எங்கிருந்தோ ஒரு தகவல் வந்தால், அந்த 20 லட்சத்தையும் பிளாக்கில் இழுத்து 60 சதவீதம் போட அதிகாரி வாதாட இடம் இருக்கிறது. அபிசார் தீர்ப்பு 153ஏ-வைப் பற்றியது. அது இங்கே அப்படியே பொருந்தும் என்று கட்சிக்காரரிடம் உறுதி சொல்ல எந்த ஆடிட்டருக்கும் தைரியம் வராது. பழைய பிளாக்கின் வரி விகிதத்தை எடுத்துக்கொண்டு அதன் வேலியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம்.

சோதனை நடக்கும் இடத்தில் உள்ள பாதுகாப்பு நான்கு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. சோதனைக்கான காரணத்தை யாரிடமும், வரி அப்பீலை விசாரிக்கும் டிரிப்யூனலிடம்கூட, காட்ட வேண்டியதில்லை என்று 2017-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். சோதனையே சட்டவிரோதம் என்று நிரூபித்தாலும் அதில் கிடைத்த சான்றைப் பயன்படுத்தலாம் என்ற 1974-ன் பூரன் மல் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. அதனால்தான் சாட்சிகள் முன் சோதனையைப் பதிவு செய்யும் பஞ்சநாமாவின் நகலும், சோதனையின்போது வாங்கும் 132(4) வாக்குமூலமும் அவ்வளவு முக்கியம். விடிய விடியக் கேள்வி கேட்டு, களைத்துப்போன மனிதரிடம் "இவ்வளவு கோடி ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி மத்திய நேரடி வரிகள் வாரியமே 2003-லும் 2014-லும் அதிகாரிகளுக்கு எழுதியது. ஒப்புதல் வாங்குவதை விடுத்துச் சான்று திரட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் உடனே, எழுத்தில், காரணத்தோடு மறுக்க வேண்டும். தாமதமான மறுப்பை எந்த மன்றமும் எளிதில் நம்புவதில்லை.

ஆக, முடிந்த வருடத்தில் சுத்தமான கணக்கு வைத்திருந்தவருக்கு அபிசாருக்குப் பிந்தைய 153ஏ-வும் பழைய பிளாக்கும்தான் நல்ல காப்பு. மறைத்ததை ஒப்புக்கொண்டு வெளியே வர நினைப்பவருக்கு இன்றைய பிளாக். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 வருமான வரிச் சட்டத்திலும் இன்றைய பிளாக் முறைதான் தொடர்கிறது. இந்த நேரத்திலாவது 2002-ல் சேர்த்த அந்தத் தொடர்பு நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் காபூல் சாவ்லாவிலிருந்து அபிசார் வரை நடந்த அதே வழக்கை, அதே கேள்வியோடு, இன்னொரு தலைமுறை வியாபாரிகள் தங்கள் செலவில் நடத்த வேண்டியிருக்கும்.