கோலிக்குண்டு போன திசை

கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும், காபிக்கு முன்னால் அம்மா ஒரு கவரை நீட்டினாள். வக்கீல் நோட்டீஸ். மாடி கட்டிய காண்ட்ராக்டருக்கு நாங்கள் 3,80,000 ரூபாய் பாக்கியாம். 15 நாளில் வட்டியோடு கட்டாவிட்டால் வழக்காம். நோட்டீஸ் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. தினமும் போனில் கத்தரிக்காய் விலை வரைக்கும் சொல்பவள் இதை மட்டும் சொல்லவில்லை. "நீ வரட்டும்னு வச்சிருந்தேன்."

மாடி அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் அன்னக்கூடை இருந்தது. ஐப்பசி மழையில் வைத்ததாம், மார்கழியிலும் எடுக்கவில்லை. மேலே சீலிங்கில் இலங்கைப் படம் மாதிரி ஒரு ஈரத் திட்டு. தாத்தா காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் இடித்துத் தட்டோடு பதித்த கீழ்வீடு இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. போன வருஷம் வெள்ளை வெளேரென்று கூல் டைல்ஸ் ஒட்டிய மாடிக்குத்தான் அன்னக்கூடை.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். அங்கே கட்டட வேலையில் குறை இருந்தால், சரிசெய்ய ஆகும் செலவைப் போல இரண்டு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. கட்டியவருக்கு 5 வருடம் பொறுப்பு. இதை அம்மாவிடம் விளக்கினேன். "சரி, அங்க ஒழுகவே ஒழுகாதா?" என்றாள். ஒழுகும்தான்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "செக் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களா?" இல்லை என்றதும்தான் நாற்காலியில் சாய்ந்தார். பதில் நோட்டீஸ் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றார். காண்ட்ராக்ட் வேலையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் கொடுத்திருந்தது 18,62,000. அதற்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய். நான் யூரோவில் மாற்றிப் பார்த்தேன், இரண்டு தடவை. ஆனால் குறையை எழுதித் தர ஓர் இன்ஜினியர் வேண்டும் என்றார்.

வந்தவர் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர். டிவிஎஸ் 50, தோளில் துணிப்பை. லேசர் கருவியோடு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முதலில் டேப் பிடித்தார். நோட்டீசில் 1,180 சதுர அடி, அவர் கணக்கில் 1,065. சன்ஷேடை எல்லாம் சேர்த்திருந்தார்கள். சதுர அடி 1,900 வீதம் பார்த்தால் பாக்கியே 1,61,500தான்.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினோம். காண்ட்ராக்டரையும் வரச் சொல்லியிருந்தோம். வந்தார், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு. "தண்ணி ஓடற வாட்டம் எல்லாம் கரெக்டா கொடுத்திருக்கேன் தம்பி. ரசமட்டம் வச்சுப் பார்த்துத்தான் போட்டோம்."

இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்தார். பச்சைக் கண்ணாடி, உள்ளே ஒரு குமிழ். டைல்ஸ் மேல் மெதுவாக வைத்துக் கையை எடுத்தார். கோலி யோசித்தது. ஒரு டைல் இடுக்கில் தட்டி நின்றது, பிறகு கிளம்பியது. மழைத்தண்ணீர்க் குழாய் இருப்பது கிழக்கு மூலையில். கோலி நிதானமாக மேற்கே உருண்டு, மாடிப்படி அறைச் சுவரில் 'டிக்' என்று முட்டியது. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் அம்மாவின் பீரோ.

"நீங்க விடுங்க" என்று கோலியைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்தார். அவர் குந்தி உட்கார்ந்து கோலியை உருட்டினார். டிக். இடம் மாற்றி விட்டார். டிக். மூன்றாவது தடவை குழாய்க்கு மூன்றடி முன்னால் வைத்தார். அங்கிருந்தும் திரும்பி வந்தது! நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது ஆள் கோலி விளையாடுகிற மாதிரி இருந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அத்தை மட்டும், "என்ன அங்க விளையாட்டு?" என்றார்.

பிறகு சம்பிரதாயத்துக்கு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலும் பிடித்தார் இன்ஜினியர். வாட்டம் தலைகீழ்.

"பொங்கல் கழிச்சு ஆள் அனுப்பிச் சரி பண்ணிடறேன்."

"எழுதிக் கொடுங்க" என்றார் இன்ஜினியர். எழுதினார். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்தாள், டபரா டம்ளரில். எனக்கு எரிச்சல்தான். வழக்குப் போடுவேன் என்று மிரட்டியவருக்கு டிகிரி காபியா? ஆனாலும் பதில் நோட்டீஸ் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போனது: அளவு தப்பு, வேலை குறை, சரிசெய்து முடித்த பிறகுதான் பாக்கியைப் பற்றிப் பேச்சு.

நான் ஸ்டுட்கார்ட் திரும்பி மூன்று வாரம் கழித்து அம்மா போன் செய்தாள். மேற்குப் பக்கம் டைல்ஸைப் பெயர்த்திருக்கிறார்களாம், இரண்டு ஆள் வந்து போகிறார்களாம்.

"அது கிடக்கட்டும், அந்தக் கோலிய எங்கடா வச்ச?"