எங்கள் பி.எஃப். கன்சல்டன்ட்: ஒன்றரை வருட அனுபவம்

திருப்பூரில் 22 பேர் வேலை செய்யும் தையல் யூனிட் என்னுடையது. 20 பேரைத் தொட்டாலே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருடத்துக்கு முன்பு புது கன்சல்டன்டிடம் மாறினோம். தலைக்கு மாதம் 100 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; மொத்தம் 2,596 ரூபாய். பழைய ஆளைவிட அதிகம்தான். ஆனாலும் இவரை விடமாட்டேன். காரணம், இவர் போட்டுத் தரும் சம்பளச் சீட்டு.

முன்பு சீட்டில் பிடித்தம் மட்டுமே இருக்கும். ஓவர்லாக் ஓட்டும் பெண் ஒருத்தி ஒருநாள் நேராக வந்து, "ஏனுங்க்கா, 15,000னு சொல்லிப்போட்டு 13,087 குடுக்கறீங்க?" என்று கேட்டாள். பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 என்றேன். அவள் முகம் தெளியவே இல்லை.

புதுச் சீட்டில் வலப்பக்கம் இன்னொரு கட்டம் இருக்கிறது: 'நிறுவனம் கட்டியது'. அவள் பெயரில் நான் கட்டும் பி.எஃப். 1,800, பி.எஃப்.போடு வரும் ஆயுள் காப்பீட்டுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75, இ.எஸ்.ஐ. 488. ஆக 2,438. அதாவது அவளுக்காக யூனிட்டிலிருந்து போவது 17,438. அதில் அவள் கைக்குப் போய்ச் சேராதது 4,351, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வருமான வரி வரம்புக்குப் பக்கத்திலேயே வராத சம்பளத்துக்கு இந்தக் கணக்கு!

இதை முழுக்க வரி என்று சொன்னால் அது நியாயமில்லை. இருவரும் கட்டும் பி.எஃப். 3,600இல் 2,350 அவள் கணக்கில் வட்டியோடு சேர்கிறது, 1,250 பென்ஷனுக்குப் போகிறது. எங்களிடம் சிங்கர் மெஷினில் இருந்த பெண்ணுக்குப் பிரசவத்தின்போது 26 வாரச் சம்பளம் இ.எஸ்.ஐ.யில்தான் வந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆள் எடுக்கும்போது நான் கணக்குப் பார்ப்பது 17,438ஐத்தான். முதலாளி பங்கு என்று பெயர் இருந்தாலும் அதுவும் அவள் தைத்துச் சம்பாதித்த காசு. அதைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படியிருந்தும் கூலி பேசும்போது அது எங்கள் மனதில் இல்லாமல் போவதில்லை. இதை வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கூலி உயர்வு பேச வரும்போது இப்போது அவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சரி, குறைகள். பணம் கட்டக் கடைசி நாள் 15ஆம் தேதி. 14ஆம் தேதி போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் 8ஆம் தேதிக்குள் வருகைப் பதிவை அனுப்பிவிடுகிறேன். ஆதாரில் பெயர் எழுத்து மாறியிருந்த ஒரு பையனின் கணக்கைச் சரிசெய்ய மூன்று மாதம் இழுத்தார்கள். அப்புறம், சீட்டின் எழுத்து ரொம்பப் பொடி. பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். செக்கிங் டேபிளில் 50 வயதைத் தாண்டிய இரண்டு பேர் இன்னும் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறார்கள்.