வீடியோ டவுன்லோட் ஸ்கிரிப்ட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பிளேலிஸ்ட் இணைப்பைக் கொடுத்தால் போதும், எல்லா வீடியோவையும் இறக்கிப் பெயர் வைத்து அடுக்கித் தரும் என்று சொல்லி ஒருவர் ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) விற்கிறார். நானும் பணம் கட்டி வாங்கினேன். வீடியோக்கள் இறங்கத்தான் செய்தன. கூடவே, முன்பின் தெரியாத ஒரு கணினியிலிருந்து யாரோ என் மின்னஞ்சலுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லவில்லை. ஓடிபி பாதுகாப்பும் இருந்தது. ஆனால் பிரவுசர் குக்கீகளைக் கோப்பாக எடுத்து ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்பது அவருடைய செய்முறையின் இரண்டாவது படி. அந்தக் கோப்பில் இருப்பது ஏற்கெனவே லாகின் ஆகிவிட்ட நிலை. அது கையில் இருப்பவரிடம் பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. ஸ்கிரிப்டின் நடுவே பேஸ்64-இல் (எழுத்துகளைப் பார்த்தால் புரியாத வடிவுக்கு மாற்றும் முறை) மறைத்த ஒரு நீண்ட வரி இருந்தது. பிரித்துப் பார்த்தால், குக்கீ கோப்பை, இணையம் வழியே தரவு அனுப்பும் கர்ல் என்ற கருவி மூலம் வேறொரு முகவரிக்கு அனுப்பும் கட்டளை!

வீடியோவை இறக்குவது என்னவோ ஒய்டி-டிஎல்பிதான். 2006-இல் தொடங்கிய யூடியூப்-டிஎல்லின் வழியில் வந்த இலவசக் கருவி அது. அதையாவது ஒழுங்காக இயக்குகிறாரா என்றால் அதுவும் இல்லை. வீடியோவின் தலைப்பை அப்படியே கட்டளைக்குள் ஒட்டி, இவால் (கொடுத்த எழுத்தைக் கட்டளையாகவே எடுத்து இயக்கும் ஷெல் கட்டளை) போட்டு ஓட்டுகிறார். தலைப்பு முன்பின் தெரியாத யாரோ எழுதுவது. டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு அதற்குள் ஒரு கட்டளையை எழுதி வைத்தால், நம் கணினி அதையும் நிறைவேற்றிவிடும். திருட்டைவிட இந்த அலட்சியம்தான் எனக்கு அதிகக் கோபம் தந்தது. இதை எத்தனை பேர் தினமும் ஓட்டுகிறார்களோ.

ஏற்கெனவே ஓட்டியவர்கள் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காதீர்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தினால்தான் களவுபோன குக்கீ செல்லாமல் போகும். அப்புறம் கிரான்டாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியல்), பாஷ்ஆர்சி (டெர்மினலைத் திறக்கும்போது தானாக ஓடும் கோப்பு) இரண்டிலும் புதிதாக எதுவும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒய்டி-டிஎல்பியை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள அதன் பக்கத்திலிருந்தே எடுங்கள். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய உதவும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்கள் அங்கேயே இருக்கின்றன, ஒப்பிட்டுவிடுங்கள். பழைய பதிப்பு வேண்டாம்: குக்கீ வேறு தளத்துக்குக் கசியக்கூடிய ஒரு குறையை 2023 ஜூலையில்தான் திருத்தினார்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதினால், மாறிகளை (தலைப்பு, இணைப்பு போன்ற மதிப்புகளைத் தாங்கும் பெயர்கள்) இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், இணைப்புக்கு முன்னால் இரண்டு ஹைஃபன் போடுங்கள், இவால் பக்கமே போகாதீர்கள். பொதுவில் இருக்கும் வீடியோவுக்குப் பெரும்பாலும் குக்கீயே தேவைப்படாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. இப்போது அதே ஸ்கிரிப்ட் வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. குக்கீ கேட்கும் அந்த இரண்டாவது படி மட்டும் மாறவில்லை.