நார்கண்டா ஃபாரஸ்ட் வாக்: தாராளமா போகலாம் (4/5)

ஹிமாச்சல்ல நார்கண்டாலருந்து ஹட்டு பீக் ஏறுற வழியில லோக்கல் கைடு ஒருத்தர் கூட்டிட்டுப் போறாரு, ஊசியிலை மரம்னாலே எல்லாம் கிறிஸ்மஸ் மரம்னு நினைக்கிறவங்க கண்டிப்பா போகணும். ஸ்ப்ரூஸ், ஃபர்னு பாக்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஊசியிலை மரம், ஸ்ப்ரூஸுக்கு அங்க ராய்னு பேரு, ஃபர்னா தோஷ். ராய் ஊசிய, அதாவது இலைய, விரல்ல வச்சு உருட்டச் சொல்றாரு, நாலு பக்கம் இருக்கிறதால நல்லா உருளும், தோஷ் இலை தட்டை, உருளவே உருளாது. ஊசி உதிர்ந்த குச்சியத் தடவினா ராய்ல சொரசொரன்னு முளை நிக்கும், தோஷ்ல வழவழன்னு வட்டத் தழும்பு மட்டும்தான், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், காய் இல்லாத சீசன்லயும் உதவும்ல. ராய் காய் தொங்கும், முழுசா கீழ விழும், தோஷ் காய் நிமிர்ந்து நின்னு மரத்துலயே செதில் செதிலா உதிர்ந்துடும், அதனால கீழ முழுக் காய் கிடந்தா அது தோஷ் கிடையாது. தூரத்துலருந்து பாத்தாலே ராயோட சின்னக் கிளைங்க தொங்கிட்டு இருக்கிறது தெரியும். தேவதாருல ஊசி கொத்துக் கொத்தா இருக்கும், கைல் பைன்ல கட்டுக்கு அஞ்சு. ஒரே குறை, குரூப் பெருசு, பின்னாடி நிக்கிறவங்களுக்கு சரியா கேக்கல. பத்து பேருக்குள்ள வச்சா அருமையா இருக்கும். பெருசாக்கிப் பாக்குற லென்ஸ் தர்றதில்ல, கையோட எடுத்துட்டுப் போங்க.