ஒரேயடியாக விடுவதா, குறைத்துக் குறைத்து விடுவதா?

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தும் சிகரெட்டோ சுருட்டோ பிடிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். விட முடிவெடுத்ததும் அவர்கள் கேட்பது இதைத்தான்.

மூச்சுக்கு
ஒரேயடியாக: மூச்சுக்குழாய் உடனே ஆறத் தொடங்கும். புகைப்பவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அவ்வளவாக வேலை செய்யாது, விட்டால் அது மெல்ல மெல்ல நன்றாகப் பிடிக்கும்.
குறைத்து: ஒன்றிரண்டு என்றாலும் புகை புகைதான், எரிச்சல் தொடரும்.

கஷ்டம்
ஒரேயடியாக: முதல் மூன்று நாலு நாள் எரிச்சல், கோபம், நித்திரையின்மை கடுமையாக இருக்கும். சில கிழமைக்கு இருமலும் சளியும்கூட அதிகமாகலாம், சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்வதால் வருவது அது, அதற்குப் பயந்து மறுபடி பற்றவைத்து விடாதீர்கள். இழுப்பு கூடினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
குறைத்து: தாங்கலாம், ஆனால் நாள் இழுபடும்.

பலன்
2016இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் ஏறத்தாழ 700 பேர். 4 கிழமையின் பின்னும் விட்டபடி இருந்தவர்கள்: ஒரேயடியாக 49 சதவீதம், குறைத்து 39 சதவீதம். இரு பக்கமும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை போன்ற உதவி இருந்தது.

முட்டுக்குக் கொடுக்கும் தியோபிலின் குளிசை எடுக்கிறவர்கள் எந்த வழியென்றாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், புகையை விட்டால் அந்த மருந்து இரத்தத்தில் கூடும், அளவு குறைக்க வேண்டிவரும்.

அடிக்கடி முட்டு வருகிறவர்களுக்கு ஒரு நாள் குறித்து ஒரேயடியாக விடுவதே சரி. பலமுறை முயன்று தோற்றவர்கள் குறைத்து வரலாம், ஆனால் கடைசி நாளை இன்றே கலண்டரில் குறியுங்கள்.