பாதி விலைக்குக் கிடைக்கும் குடும்பச் சொத்து நிறுவனப் பங்கு: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் பழைய குடும்ப நிறுவனங்கள் பல உண்டு. "சொத்து மதிப்பில் பாதிக்குக் கிடைக்கிறது, நஷ்டமே வராது" என்று யாராவது அவற்றின் பங்கைப் பரிந்துரைத்தால் கொஞ்சம் பொறுங்கள். அப்படி ஒரு பங்கைப் பல ஆண்டுகள் வைத்திருந்த நான், கடைசியில் அந்தக் குடும்பம் நிர்ணயித்த விலைக்கே வெளியேற வேண்டியிருந்தது. நடந்தவற்றில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவுமில்லை. அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தாத்தா தொடங்கியது, பிள்ளைகள் வளர்த்தது, இப்போது பேரப்பிள்ளைகள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். நகர மையத்தில் நிரந்தர உரிமை நிலத்தில் ஓர் அலுவலகக் கட்டடம், வரிசையாகச் சில கடைவீடுகள், ஒரு ஹோட்டல். கடன் சொற்பம். ஆண்டறிக்கைப்படி பங்கு ஒன்றின் நிகரச் சொத்து மதிப்பு ஏறக்குறைய 3 வெள்ளி. சந்தையில் 1 வெள்ளி 50 காசு. போதாக்குறைக்கு, ஹோட்டலை வாங்கிய விலையில் தேய்மானம் கழித்துத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள். இன்றைய விலைக்கு மதிப்பிட்டால் அந்த 3 வெள்ளி இன்னும் கூடும். ஓய்வுக்காலத்துக்கென்று சேமிப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பாக வேறென்ன வேண்டும் என்று தோன்றும் கணக்கு அது.

அந்த மதிப்பு பங்குதாரர் கைக்கு எப்படி வரும் என்பதற்கு மட்டும் ஆண்டறிக்கையில் பதில் இல்லை. ஈவுத்தொகை ஆண்டுக்கு 2 காசு. வாடகை ஏறினாலும் 2 காசுதான், ஒரு கடைவீட்டை நல்ல லாபத்துக்கு விற்ற ஆண்டிலும் 2 காசுதான். குடும்பத்து இயக்குநர்களின் சம்பளமும் போனசும் மட்டும் ஏறிக்கொண்டே போயின. கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தம் குடும்பத்தின் இன்னொரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. இப்படிச் சம்பந்தப்பட்டவர்களோடு செய்யும் பரிவர்த்தனைகள் நிகர உறுதிச் சொத்தில் (கடனும் நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளும் கழித்தது) 3 விழுக்காட்டை எட்டினால் நிறுவனம் உடனே அறிவிக்க வேண்டும், 5 விழுக்காட்டை எட்டினால் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது சந்தை விதி. எங்கள் நிறுவனத்தில் அந்தத் தொகை ஒருபோதும் 3 விழுக்காட்டை எட்டவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு சிறிய அட்டவணையோடு முடிந்துவிடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்குத் தவறாமல் போனேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற முதியவர்கள். ஒருமுறை சீனப் பெரியவர் ஒருவர் எழுந்து, "கையில் இவ்வளவு ரொக்கம் இருக்கிறதே, எங்களுக்கு ஏன் பிரித்துத் தரக்கூடாது? எனக்கு எண்பது வயதாகிறது" என்று மாண்டரினில் கேட்டார். தலைவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: நாங்களும் பங்குதாரர்களே, நீண்டகால நோக்கில் சிந்திக்கிறோம். பிறகு கையடக்கக் கருவியில் வாக்குப்பதிவு நடந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் எல்லாத் தீர்மானமும் பெரும்பான்மையோடு நிறைவேறியதாக வந்தது. 68 விழுக்காட்டுப் பங்கு ஒரே குடும்பத்திடம் இருக்கும்போது வேறு எப்படி வரும்? வெளியே பீஹூனும் கறிபஃப்பும் வைத்திருந்தார்கள். அந்தப் பெரியவர் எதையும் தொடாமல் கிளம்பிப் போனார்.

குடும்பத்தையும் நிர்வாகத்தையும் சாராத சுயேச்சை இயக்குநர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களை நியமிப்பதும் குடும்பத்தின் வாக்குதான். எங்கள் நிறுவனத்தில் ஒருவர் பதினைந்து ஆண்டுக்கும் மேலாகச் 'சுயேச்சையாக' இருந்தார். ஒன்பது ஆண்டுக்கு மேல் இருப்பவரைச் சுயேச்சை இயக்குநராகக் கருதக்கூடாது என்ற கறாரான வரம்பைப் பங்குச் சந்தை 2023 ஜனவரியில்தான் அறிவித்தது. நல்ல மாற்றம். ஆனால் அவர் இடத்துக்கு அடுத்து வருபவரையும் அதே குடும்பம்தான் தேர்ந்தெடுக்கிறது.

ஒருநாள் காலையில் பங்கு வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. குடும்பம் இதற்கென்றே தொடங்கிய தனியார் நிறுவனம் ஒன்று எல்லாப் பங்குகளையும் 1 வெள்ளி 95 காசுக்கு வாங்கிக்கொள்ள முன்வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. இப்படி வாங்க முன்வருவதைத்தான் 'சலுகை' என்கிறார்கள். "சந்தை விலையைவிட 30 விழுக்காடு கூடுதல்" என்று செய்தி போட்டார்கள். என் ரெமிசியர், அதாவது பங்குத் தரகர், உடனே அழைத்தார். "அண்ணே, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அப்புறம் பங்கு முடங்கிப் போச்சுன்னா வாங்க ஆளிருக்காது."

சில வாரம் கழித்து, சலுகையை எடைபோட நியமிக்கப்பட்ட சுயேச்சை நிதி ஆலோசகரின் கடிதம் அடங்கிய தடித்த சுற்றறிக்கை தபாலில் வந்தது. சொத்துகளை இன்றைய விலைக்கு மறுமதிப்பீடு செய்தால் பங்கு ஒன்று ஏறக்குறைய 3 வெள்ளி 60 காசு என்று அதில் இருந்தது. அந்த எண்ணை முதன்முறையாக அங்கேதான் பார்த்தோம். தருவதாகச் சொன்ன விலை அதைவிட 46 விழுக்காடு குறைவு. ஆலோசகரின் முடிவு: விலை நியாயமானதல்ல, ஆனால் சலுகை ஏற்கத்தக்கது. அதன்படியே சுயேச்சை இயக்குநர்களும் ஏற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார்கள்.

ஏற்கத்தக்கது என்பதற்கு ஆலோசகர் அடுக்கிய காரணங்களைக் கவனியுங்கள். பங்கு சந்தையில் அதிகம் கைமாறுவதில்லை. பல ஆண்டுகளாகச் சொத்து மதிப்புக்கு வெகு கீழேயே விற்கிறது. ஈவுத்தொகை குறைவு. குடும்பத்திடம் ஏற்கெனவே முழுக் கட்டுப்பாடு இருப்பதால் வேறு யாரும் போட்டிக்கு வந்து அதிக விலை கேட்க வாய்ப்பில்லை. இவற்றில் எது தானாக நடந்தது? ஈவைக் குறைவாக வைத்தது குடும்பம். பங்குகளை இறுகப் பிடித்துக்கொண்டதும் குடும்பம். அதனால்தான் விலை எழவே இல்லை. விலையைக் கீழே வைத்திருந்த அதே காரணங்களைத்தான், அந்த விலையை நாங்கள் ஏற்க வேண்டிய காரணங்களாக எங்களிடமே திருப்பித் தந்தார்கள். 30 விழுக்காடு கூடுதல் என்பதும் அந்த அமுங்கிய விலையிலிருந்து எண்ணியதுதான்.

சந்தையிலிருந்து விலகத் தாங்களாகவே விண்ணப்பித்து, அதற்கென வெளியேறும் சலுகை தரும் நிறுவனங்களுக்கு 2019 ஜூலையில் விதி கடுமையானது. சலுகை நியாயமாகவும் இருக்க வேண்டும், ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். சலுகை தருபவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வாக்களிக்கக்கூடாது. மற்றவர்களின் வாக்கில் 75 விழுக்காடு கிடைக்க வேண்டும். படித்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் எங்களுக்கு வந்தது அந்த வழியல்ல, பொதுவான கையகப்படுத்தும் சலுகை. அதில் கூட்டமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆலோசகர் நியாயமில்லை என்று எழுதினாலும் சலுகை செல்லும். ஒவ்வொருவரும் தனியாக வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டும்.

இதில் இரண்டு 90 விழுக்காடு இருக்கிறது. பலரும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். முதலாவது, மொத்தப் பங்கில் 90. குடும்பம் அதைத் தாண்டினால் பொதுமக்களிடம் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும், வர்த்தகம் நிறுத்தப்படலாம். இரண்டாவது, கம்பெனிச் சட்டம் 215-வது பிரிவு சொல்வது: குடும்பம் ஏற்கெனவே வைத்திருந்ததைக் கழித்துவிட்டு மற்றவர்களின் பங்கில் 90. அதை எட்டினால்தான் மீதிப் பேரிடமிருந்து கட்டாயமாக வாங்க முடியும். எங்கள் கணக்கில் குடும்பத்திடம் 68 இருந்தது, எங்களிடம் 32. எங்களில் 22 போனாலே முதல் கோடு தாண்டிவிடும். கட்டாயமாக வாங்க ஏறக்குறைய 29 தேவை. இடையில் மாட்டிக்கொள்பவர்கள் சந்தையில் விற்க முடியாத பங்கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரெமிசியர் சொன்ன பயம் பொய்யில்லை. அந்தப் பயமே சலுகைக்கு ஆள் சேர்த்தது. என் அக்கா முதல் வாரமே கையெழுத்திட்டார். நான் கடைசிவரை இடவில்லை. குடும்பம் 90-ஐத் தாண்டியது, வர்த்தகம் நின்றது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி "என் பங்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதி, அதே 1 வெள்ளி 95 காசைப் பெற்றேன்.

சிறு பங்குதாரர்கள் சேர்ந்து நின்றால் எதுவுமே நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த மில்லெனியம் அண்ட் காப்தோர்ன் ஹோட்டல் நிறுவனத்தை முழுவதும் வாங்க, குவெக் குடும்பத்தின் சிங்கப்பூர்ச் சொத்து நிறுவனமான சிட்டி டெவலப்மெண்ட்ஸ் 2017 இறுதியில் முயன்றது. முதலில் பங்குக்கு 552.5 பென்ஸ், பிறகு 620. போதிய சிறு பங்குதாரர்கள் இணங்காததால் 2018 ஜனவரியில் அந்த முயற்சி தோற்றது. 2019இல் 685 பென்ஸ் கொடுத்துத்தான் முடித்தார்கள். அங்கே பெரிய நிதி நிறுவனங்கள் சில சிறுபான்மைப் பக்கம் நின்றன. எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தில் பெரிய கைகள் எதுவும் இருக்காது.

பெரிய, நல்ல பெயருள்ள குடும்ப நிறுவனமென்றால் பயமில்லை என்றும் நினைத்துவிடக்கூடாது. அதே சிட்டி டெவலப்மெண்ட்ஸ் சீனாவின் சின்சியர் நிறுவனத்தில் போட்ட பணத்தால் 2020ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.9 பில்லியன் வெள்ளி நஷ்டம் காட்டியது. அந்த முதலீட்டில் உடன்படாமல் குடும்பத்தைச் சேர்ந்த இயக்குநர் ஒருவரே விலகினார். 2025 பிப்ரவரியில் தலைவரான தந்தை, தலைமை நிர்வாகியான மகன்மீது நீதிமன்றம் போனார். பங்கு வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச்சில் வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த நாட்களில் பங்கு வைத்திருந்தவர்களால் செய்தி பார்த்துக் காத்திருக்க மட்டுமே முடிந்தது.

ஆகவே இந்த மாதிரிப் பங்கை வாங்க நினைப்பவர்கள் தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடந்த பத்து ஆண்டில் அந்தக் குடும்பம் மற்ற பங்குதாரர்களுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். சொத்து விற்ற ஆண்டில் சிறப்பு ஈவு தந்தார்களா? குடும்பத்துக்கு இப்போது எத்தனை விழுக்காடு? ஐம்பதைத் தாண்டிவிட்டால் சலுகை எதுவும் அறிவிக்காமலே சந்தையில் தொடர்ந்து வாங்கலாம். நிறுவனமே தன் பங்கைத் திரும்ப வாங்கினாலும் அவர்கள் விழுக்காடுதான் கூடும். அதே குடும்பம் முன்பு வேறொரு நிறுவனத்தைச் சந்தையிலிருந்து எடுத்திருக்கிறதா, என்ன விலைக்கு? நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது இதைத்தான். பழைய சுற்றறிக்கைகள் எல்லாம் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குச் சலுகை வந்தால்: ஏற்புப் படிவம் முதலில் வரும், ஆலோசகரின் கடிதம் அதற்குப் பின் 14 நாள்வரை ஆகும். சலுகை குறைந்தது 28 நாள் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே யார் அவசரப்படுத்தினாலும் ஆலோசகரின் கடிதத்தில் மறுமதிப்பீட்டுப் பக்கத்தைப் பார்க்காமல் படிவத்தை அனுப்பாதீர்கள். மற்ற பங்குதாரர்களைத் தேடிப் பேசுங்கள். 1999இல் தொடங்கிய முதலீட்டாளர் சங்கமான சியாஸுக்கும் எழுதுங்கள், நிர்வாகத்தோடு சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார்கள். கையெழுத்திடாமல் இருந்து வர்த்தகம் நின்றுவிட்டால், 215-வது பிரிவின்படி வரும் அறிவிப்புக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும்.